டார்ச்வுட்டுக்கு வயது வந்தது எப்போது?

“அது பெரியவங்களுக்கான சீரியல்.” சில தொடர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே இந்த வாக்கியம் முன்னால் வந்து நிற்கும். சொல்பவர் குரலில் ஒரு பெருமை. கேட்பவர் முகத்தில் ஒரு நமுட்டுச் சிரிப்பு. ‘பெரியவங்க’ என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ள மாட்டார்கள். படுக்கையறைக் காட்சி உண்டு, கெட்ட வார்த்தை உண்டு, ரத்தம் உண்டு. அவ்வளவுதான் அர்த்தம் என்று இரண்டு பேரும் பேசாமலே ஒப்பந்தம் போட்டுவிடுவார்கள்.

இந்த ஒப்பந்தம் எவ்வளவு மொக்கையானது என்று காட்ட பி.பி.சி.யின் ‘டார்ச்வுட்’டை விட நல்ல உதாரணம் கிடையாது. (ஒரு எச்சரிக்கை: கதை முடிவுகள் எல்லாம் கீழே உடைக்கப்படுகின்றன. இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.)

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. 1963-ல் ஆரம்பித்து, நடுவில் நின்று, 2005-ல் மறுபடி உயிர் பெற்ற குடும்பத் தொடர் ‘டாக்டர் ஹூ’. தாத்தா முதல் பேரன் வரை சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிற சமாச்சாரம். அதைப் புதுப்பித்த ரஸ்ஸல் டி டேவிஸ், அதிலிருந்தே கேப்டன் ஜாக் ஹார்க்னஸ் என்ற பாத்திரத்தை எடுத்து ஒரு கிளைத்தொடர் செய்தார். பெயரைக்கூட ‘டாக்டர் ஹூ’வின் ஆங்கில எழுத்துகளைக் குலுக்கிப் போட்டுத்தான் வைத்தார்கள். கார்டிஃப் நகரத்துக்கு அடியில் ஒரு ரகசிய அலுவலகம், அங்கே காலவெளியில் ஒரு விரிசல், அதன் வழியே வந்து விழும் வேற்றுக்கிரகப் பொருட்களைப் பொறுக்கி வைக்கிற ஐந்து பேர். 2006 அக்டோபர் 22 அன்று பி.பி.சி. த்ரீயில், இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆரம்பமானது. பிரிட்டனில் அந்த ஒன்பது மணிதான் கோடு. அதற்கு முன்னால் குழந்தைகள் பார்ப்பார்கள், பின்னால் வருவதற்குப் பெற்றோர் பொறுப்பு.

ஆக, தொடர் பிறக்கும்போதே ‘பெரியவங்களுக்கு’ என்ற முத்திரையோடு பிறந்தது. முத்திரையைப் பார்த்தே பார்வையாளர்களும் கட்சி பிரிந்துவிட்டார்கள்.

முதல் கட்சி, ‘ஆஹா, என்ன துணிச்சல்’ கட்சி. இவர்களுக்கு முதல் வருடத்துத் தொடர்தான் உயிர். அதில் என்ன இருந்தது? இரண்டாவது எபிசோடில் வாயு உருவத்தில் ஒரு வேற்றுக்கிரக ஜந்து ஒரு இளம்பெண் உடம்புக்குள் புகுந்து, ஆண்களின் உடலுறவுச் சக்தியைத் தின்று அவர்களைச் சாம்பலாக்குகிறது. நான்காவது எபிசோடில் பாதி மனுஷியும் பாதி இயந்திரமுமாக ஒரு பெண். அலுவலகத்தின் அடித்தளத்தில் அவளை ரகசியமாக ஒளித்து வைத்துக் காப்பாற்றப் பார்க்கிறான் காதலன் இயான்ட்டோ. எப்பேர்ப்பட்ட விஷயம் அது! நேசித்த ஆள் கண்ணெதிரே வேறு ஏதோவாக மாறிக்கொண்டிருக்கும்போது எதுவரை கூடவே இருப்பது? பல வருடம் நோயாளியைக் கவனித்த எந்த வீட்டுக்கும் தெரிந்த கேள்வி. ஆனால் தொடர் செய்தது என்ன? அவளுக்கு உலோகத்தில் பிகினி மாதிரி ஒரு உடுப்பை மாட்டி ஓடவிட்டது. யோசனைக்கு நாற்பது வயது, உடுப்புக்குப் பதினான்கு வயது.

முதல் எபிசோடையே எடுத்துக்கொள்ளலாம். குழுவின் டாக்டர் ஓவன், வேற்றுக்கிரக ஸ்ப்ரே ஒன்றை அலுவலகத்திலிருந்து சுட்டுக்கொண்டு மதுக்கடைக்குப் போகிறான். ஒரு பெண் அவனை வேண்டாம் என்கிறாள். ஸ்ப்ரேயை அடித்துக்கொள்கிறான், அவள் மயங்கி அவன் மேல் விழுகிறாள். சண்டைக்கு வந்த அவள் காதலனுக்கும் அதே வைத்தியம். இதைத் தொடர் ஜோக்காகக் காட்டியது. வேண்டாம் என்று சொன்னவளை மருந்தால் சம்மதிக்க வைப்பதற்கு உலகத்தில் என்ன பெயர் என்று தெரியாத எழுத்தா பெரியவர்கள் எழுத்து? அதற்கு அப்புறமும் ஓவன் குழுவிலேயே இருக்கிறான், கேள்வி கேட்பார் கிடையாது. ‘துணிச்சல்’ கட்சிக்காரர்கள் இந்தக் காட்சி வரும்போது மட்டும் “அட, அது சும்மா காமெடிப்பா” என்று சப்பைக்கட்டு கட்டுவார்கள்.

இரண்டாவது கட்சி, ‘சீ’ கட்சி. ஆணும் ஆணும் முத்தம் கொடுத்துக்கொள்கிறார்கள் என்பதோடு இவர்கள் தீர்ப்பு முடிந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், மேலே சொன்ன ஸ்ப்ரே காட்சி இவர்களை உறுத்துவதே இல்லை. ஜாக்கும் இயான்ட்டோவும் ஒருவரை ஒருவர் விரும்பி, முழுச் சம்மதத்தோடு கைகோத்து நிற்பதுதான் உறுத்துகிறது. இந்தக் கட்சிக்கு ஒரு தேதி ஞாபகப்படுத்தலாம். தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு, மனம் ஒத்த வயது வந்தவர்களுக்குப் பொருந்தாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 2009 ஜூலை 2. டார்ச்வுட்டின் மூன்றாவது தொடர் பிரிட்டனில் ஆரம்பித்தது அதே ஜூலை 6. நான்கு நாள் இடைவெளி! பிறகு 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது, 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றமே அந்தப் பிரிவின் அந்தப் பகுதியைத் தூக்கிப் போட்டது. சட்டமே ஒன்பது வருடம் முன்னும் பின்னும் நடந்து ஒரு வழியாக வீடு வந்து சேர்ந்துவிட்டது. ‘சீ’ கட்சி இன்னும் பஸ் ஸ்டாப்பிலேயே நிற்கிறது.

இந்த இரண்டு கட்சிக்கும் சண்டை மாதிரி தெரியும். உண்மையில் இரண்டும் ஒரே கட்சி. பெரியவர்கள் விஷயம் என்றால் படுக்கையறை விஷயம் என்பதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. ஒருவர் அதற்குக் கை தட்டுகிறார், ஒருவர் மூக்கைப் பொத்துகிறார். அவ்வளவுதான்.

சைதாப்பேட்டையில் இந்த அர்த்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது கஷ்டமில்லை. காரணீஸ்வரர் கோயில் பக்கத்துத் தெருக்களில் பல வீடுகளுக்கு ஹால் ஒன்று, டி.வி. ஒன்று. பிரிட்டன்காரன் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு ஒன்பது மணிக்கு மேல் பெரியவர்கள் தொடர் பார்ப்பான். இங்கே ஒன்பது மணிக்குத்தான் பாட்டி, அப்பா, அம்மா, எட்டாவது படிக்கிற தங்கை எல்லோரும் அதே ஹாலில் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். திரையில் முத்தம் வந்தால் ரிமோட்டைத் தேடும் கை, தண்ணி குடிக்க எழுந்து போகும் அப்பா, “என்னடா கண்றாவி இது?” என்று கேட்கும் அம்மா, “இங்கிலீஷ் சீரியல்மா, சயின்ஸ் சம்பந்தப்பட்டது” என்று முழுங்கும் பிள்ளை. இப்படியே வளர்ந்தவனுக்கு ‘பெரியவர்கள் சமாச்சாரம்’ என்றால் ‘ரிமோட்டைத் தேட வைக்கும் சமாச்சாரம்’ என்று பதிந்துபோவதில் ஆச்சரியமில்லை. கையில் தனி போனும் காதில் ஹெட்செட்டும் வந்த பிறகும் அந்த அர்த்தம் மாறவில்லை. யாரும் பார்க்கவில்லை என்பதே துணிச்சல் ஆகிவிட்டது.

சரி, முத்திரைக்கும் சரக்குக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு பி.பி.சி.யே ஒரு சோதனை நடத்தியது. 2008-ல் இரண்டாவது தொடர் பி.பி.சி. டூவுக்கு மாறியபோது, டாக்டர் ஹூவுக்காக வந்த சிறுவர்களும் பார்க்கட்டும் என்று, வெட்டித் திருத்திய ஒரு பதிப்பைச் சாயங்காலத்தில் மறுபடி ஒளிபரப்பினார்கள். அதாவது ‘பெரியவர்கள்’ பகுதியைக் கத்தரித்துவிட்டுக் கதையைக் காட்ட முடிந்தது! கத்தரித்த பிறகும் கதை அப்படியே நடக்கிறது என்றால், கத்தரித்தது கதையின் உறுப்பா, மேலே தூவிய கொத்தமல்லியா?

இதற்காக முதல் இரண்டு தொடர்களையும் குப்பையில் போடத் தேவையில்லை. கத்தரிக்கவே முடியாத எபிசோடுகளும் அதிலேயே இருந்தன. 1953-லிருந்து ஒரு சின்ன விமானம் 2006-ல் வந்து இறங்கும் கதை ஒன்று உண்டு. இறங்கியவர்களில் ஒருவர் தன் மகனைத் தேடிப் போகிறார். மகன் முதியோர் இல்லத்தில், ஞாபகம் எல்லாம் போய், அப்பாவை விடக் கிழவனாக உட்கார்ந்திருக்கிறான். அப்பாவுக்கு அதற்கு மேல் வாழப் பிடிப்பு இல்லை. அதில் கெட்ட வார்த்தைக்கு வேலையே இல்லை. 2008-ல் வந்த இன்னொன்றில், காணாமல் போன மகனை ஒரு தாய் தேடிக்கொண்டே இருக்கிறாள். விரிசல் அவனை இழுத்துக்கொண்டு போய், உருக்குலைத்து, நாளின் பெரும்பகுதி அலறிக்கொண்டே இருக்கும் மனிதனாகத் திருப்பி அனுப்பியிருக்கிறது. அவனைப் பார்த்த பிறகு அந்தத் தாய் சொல்வது, இதை வேறு எந்த வீட்டுக்கும் செய்யாதே, தெரியாமல் இருந்தபோது நம்பிக்கையாவது இருந்தது என்று. உண்மையைச் சொல்வது எப்போதும் நல்லதுதானா என்ற கேள்விக்கு அந்த எபிசோடு பதில் சொல்லாமல் எழுந்து போய்விடுகிறது. பெரியவர்களுக்கான சீரியல் என்றால் இது.

இன்னொரு அடியும் வைக்கலாம். டாக்டர் ஹூவுக்கு அதே காலத்தில் சிறுவர்களுக்காகவே இன்னொரு கிளைத்தொடர் இருந்தது, ‘சாரா ஜேன் அட்வென்ச்சர்ஸ்’, 2007-ல் ஆரம்பித்தது. அதில் ஒரு கதை: சாரா ஜேன் தன் பெற்றோர் இறந்த நாளுக்கே காலத்தில் பின்னோக்கிப் போகிறாள். அவர்களைக் காப்பாற்றினால் உலகம் கெட்டுப்போகும். உண்மை தெரிந்த பெற்றோர் தாங்களே சாவை நோக்கிக் கிளம்புகிறார்கள், மகள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஸ்கூல் விட்டு வந்து பால் குடித்துக்கொண்டே பார்க்கிற நேரத்துத் தொடர் இது! உலோக பிகினியையும் இதையும் பக்கத்தில் வைத்துவிட்டு, எது பெரியவர்கள் தொடர் என்று ‘துணிச்சல்’ கட்சி சொல்லட்டும்.

இப்போது முக்கியமான விஷயம். 2009 ஜூலை 6 முதல் 10 வரை, ஐந்து ராத்திரி தொடர்ந்து, பி.பி.சி. ஒன்னில் ‘சில்ட்ரன் ஆஃப் எர்த்’. உலகத்தில் உள்ள எல்லாக் குழந்தைகளும் ஒரே நேரத்தில் அசையாமல் நின்று ஒரே குரலில் பேசுகிறார்கள்: நாங்கள் வருகிறோம். வருவது ‘456’ என்ற வேற்றுக்கிரகத்தார். அவர்கள் கேட்பது உலகக் குழந்தைகளில் பத்து சதவீதம். 1965-லேயே ஒரு முறை வந்திருக்கிறார்கள். அப்போது ஒரு கொடிய காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து, பதிலுக்குப் பன்னிரண்டு ஆதரவற்ற குழந்தைகளை வாங்கிக்கொண்டு போனார்கள். கொண்டுபோய் ஒப்படைத்தவர்களில் ஜாக்கும் ஒருவன். முதல் பேரம் மலிவாக முடிந்ததால் இரண்டாவது பேரத்துக்கு வந்திருக்கிறார்கள். எதற்கு அந்தக் குழந்தைகள்? ஏதாவது மகத்தான காரணமா? குழந்தைகளின் உடம்பில் சுரக்கும் ரசாயனம் அவர்களுக்குப் போதை. அவ்வளவுதான்.

அப்புறம் வருகிறது அந்த மேஜைக் காட்சி. பிரிட்டிஷ் மந்திரிசபை உட்கார்ந்து, எந்தப் பத்து சதவீதத்தைக் கொடுப்பது என்று பேசுகிறது. முதலில் தங்கள் பிள்ளைகளுக்கு விலக்கு. உடனே ஒருவர் அண்ணன் தம்பி பிள்ளைகளைப் பற்றி விசாரிக்கிறார். குலுக்கல் முறையில் எடுக்கலாமா என்று ஒரு பேச்சு. கடைசியில் ஒரு பெண் மந்திரி நாகரிகமான குரலில் வழி சொல்கிறார்: பள்ளிக்கூடங்களின் ரேங்க் பட்டியல்தான் இருக்கிறதே, அடியில் இருப்பவற்றை எடுத்துக்கொள்ளலாம். பெற்றோருக்குத் தடுப்பூசி என்று சொல்லிவிடலாம். யாரும் கத்துவதில்லை. யாரும் வில்லன் சிரிப்பு சிரிப்பதில்லை. நிமிடக் குறிப்பு எழுதிக்கொள்கிறார்கள்.

இந்தக் காட்சியைச் சைதாப்பேட்டையில் உட்கார்ந்து பார்ப்பவனுக்கு மொழிபெயர்ப்பு தேவையா? ரேங்க் பட்டியலோடு வளர்ந்த ஊர் இது. ஒரே தெருவில் மெட்ரிக் பள்ளிக்கு வேனில் போகிற பிள்ளையும் கார்ப்பரேஷன் பள்ளிக்கு நடந்து போகிற பிள்ளையும் உண்டு. அந்த மேஜையில் எந்தப் பள்ளியின் பெயர் முதலில் வாசிக்கப்படும் என்று இரண்டு பிள்ளைகளுக்குமே தெரியும். 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி வந்தது. அதற்குப் பிறகு ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்த குடும்பங்களை, பாதிப் படிப்பில் இருந்த பிள்ளைகளோடு சேர்த்து, தொலைவில் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். பாதுகாப்புக்காக என்றார்கள். ஆபத்து நிஜம்தான், தண்ணீர் வந்ததும் நிஜம்தான். ஆனால் அதே ஆற்றின் கரையில் கெட்டிக் கட்டடங்களும் உண்டு, அவை அசையவில்லை. யார் நகர வேண்டும் என்ற பட்டியல் எங்கோ ஒரு மேஜையில், நாகரிகமான குரலில்தான் தயாராகியிருக்கும். வேற்றுக்கிரகவாசி வந்துதான் இப்படி ஒரு பட்டியல் போட வேண்டும் என்பதில்லை என்று சொன்னதுதான் டார்ச்வுட் செய்த ஒரே பெரிய காரியம். அந்த மேஜைக்கு முன்னால் முதல் வருடத்து ஜொள்ளு எல்லாம் எங்கே போய் ஒளிந்துகொள்வது?

கவனிக்க வேண்டிய இன்னொன்று. ‘சில்ட்ரன் ஆஃப் எர்த்’தில் படுக்கையறைச் சமாச்சாரம் கிட்டத்தட்டக் காணாமல் போய்விட்டது. அப்படியும் அதை எட்டு வயசுக் குழந்தைக்குக் காட்ட முடியாது. பார்க்கக் கூடாதது எதுவும் இருப்பதால் இல்லை. அப்பா அம்மாவை விடப் பெரிய ஆட்கள், கோட்டு போட்டவர்கள், தன்னை ஒரு எண்ணாகக் கூட்டிக் கழிக்கக்கூடும் என்று அந்த வயதில் தெரிய வேண்டியதில்லை என்பதால்.

மூன்றாவது கட்சி இங்கேதான் கிளம்பியது: ‘இயான்ட்டோவை ஏன் கொன்றீர்கள்’ கட்சி. நான்காம் நாள் இயான்ட்டோ சாகிறான். ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். அலுவலகத்தில் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுக்கிறவன் என்பதால் பி.பி.சி.க்குக் காபி பாக்கெட் பாக்கெட்டாக அனுப்பினார்கள். கார்டிஃப் துறைமுகப் பக்கம் அவனுக்கு ஒரு நினைவிடமே எழுப்பிவிட்டார்கள். நடிகருக்குக் கோயில் கட்டிய தமிழ்நாட்டுக்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கத் தகுதியில்லை :-)

இந்தக் கட்சியை மற்ற இரண்டையும் போல ஒதுக்கித் தள்ள முடியாது. அவர்கள் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. திரையில் தன்பாலினக் காதல் ஜோடிகளே குறைவு, வருகிற ஒன்றிரண்டிலும் ஒருவர் கடைசியில் செத்துப்போவது வழக்கமாகிவிட்டது. ‘சீ’ கட்சி ஆசைப்பட்டதை எழுத்தாளர்களே செய்து கொடுத்துவிட்டார்கள் என்று அவர்கள் கோபப்படுவது புரிகிறது. ஆனால் அவர்களில் ஒரு பகுதியினர் இன்னொரு அடி போனார்கள்: இந்தத் தொடர் எங்களை ஏமாற்றிவிட்டது, பழைய ஜாலியான டார்ச்வுட்டைத் திருப்பிக் கொடு என்றார்கள். அங்கேதான் இடிக்கிறது. பன்னிரண்டு குழந்தைகளை விற்றவன் ஜாக். அந்தக் கணக்கு நாற்பத்து நான்கு வருடம் கழித்து அவனிடமே வந்து நிற்கிறது. கடைசி நாளில் உலகத்துக் குழந்தைகளைக் காப்பாற்ற அவன் பலி கொடுப்பது தன் சொந்தப் பேரனை. மகள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கதறுகிறாள். மறு மாதமே எல்லாம் சரியாகிக் குழு சிரித்துக்கொண்டு நின்றால், மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மந்திரிகளுக்கும் தொடருக்கும் வித்தியாசம் இருந்திருக்காது. விலை கொடுக்க வேண்டியவர்கள் மற்றவர்கள், நமக்குப் பிடித்தவர்களுக்கு விலக்கு. இதைத்தானே அந்த மந்திரிசபையும் கேட்டது?

“பேரனைக் கொன்றது வெறும் அதிர்ச்சிக்கு” என்பார்கள். அப்படியானால் ஃப்ரோபிஷரைப் பார்க்க வேண்டும். பேரத்தை நடத்திய அரசு அதிகாரி அவர். (அதில் நடித்த பீட்டர் கபால்டியே 2013-ல் டாக்டராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.) ஐந்து நாளும் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறார். கடைசியில் பிரதமர் கூப்பிட்டு, நாட்டுக்கு முன்மாதிரியாக உன் இரண்டு பெண்களையும் கேமரா முன்னால் ஒப்படைத்துவிடு என்கிறார். விலக்குப் பட்டியலில் தன் வீடு இருக்கிறது என்று நம்பியே கையெழுத்துப் போட்டவர், தன் பெண்கள் பெயரும் பட்டியலில் வரும் என்று அப்போதுதான் தெரிந்துகொள்கிறார். குடும்பத்தோடு அவர் முடிந்துபோகிறார். ஜாக்கின் முடிவும் அதே தராசின் அடுத்த தட்டு.

2011-ல் அமெரிக்க ஸ்டார்ஸ் சானலோடு சேர்ந்து நான்காவது தொடர் ‘மிராக்கிள் டே’ வந்தது. யாருமே சாகாத உலகம் என்ற யோசனை அபாரம். சாவு நின்றால் ஆஸ்பத்திரி நிரம்பும், மருந்து தீரும், அப்புறம் அரசாங்கம் உயிரோடு இருப்பவர்களையே வகை பிரிக்க ஆரம்பிக்கும். பிரித்து, ஒரு வகையை உலையில் போடும். மேஜைக் காட்சியின் அடுத்த படி அது. ஆனால் பத்து எபிசோடுக்கு இழுத்து, துப்பாக்கிச் சண்டையும் படுக்கையறையும் மறுபடி தூவி, நீர்த்துப்போனது. பார்வையாளர்கள் கை தட்டியதைத்தானே எழுத்தாளர்கள் மறுபடி பரிமாறுவார்கள்?

பார்வையாளர் கருத்து முக்கியமாவது இதனால்தான். தமிழில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ தூர்தர்ஷனில் தொடராக வந்தது. பிள்ளை பெற்றுக்கொள்ளவே அரசாங்க அனுமதி வேண்டும் என்ற உலகத்தை, பேசும் இயந்திர நாயோடு சேர்த்து, குடும்பமே உட்கார்ந்து பார்த்தது. 1997-ல் தொடங்கி சன் டி.வி.யில் வந்த ‘விடாது கருப்பு’, கருப்பசாமிக் கதை என்று ஊரைப் பயமுறுத்திக்கொண்டே சின்ன வயதில் பட்ட அடியும் மனப்பிளவும் என்ன செய்யும் என்று பேசியது. யாரும் ரிமோட்டைத் தேடவில்லை. ஓடிடி வந்து சென்சார் கத்தி தளர்ந்தவுடன் பல தமிழ்த் தொடர்களுக்கு முதலில் கிடைத்த சுதந்திரம் கெட்ட வார்த்தைச் சுதந்திரம்தான். 2021 விதிகள்படி ஓடிடியிலும் 7, 13, 16 என்று வயது வரம்புகளும் ‘ஏ’வும் போடுகிறார்கள். அந்த எழுத்து யார் பார்க்கக் கூடாது என்று மட்டும்தான் சொல்லும். பார்க்கிற பெரியவனுக்கு அதில் என்ன இருக்கிறது என்று சொல்லாது.

அதைக் கேட்க வேண்டியது பார்வையாளன். “துணிச்சலா இருக்கா?”, “ஆபாசமா இருக்கா?” என்ற இரண்டு கேள்விகளையும் ஓரமாக வைத்துவிட்டு, இந்தக் கதையில் ஒரு முடிவு எடுக்கப்படுகிறதா, எடுத்தவன் அதற்கு விலை கொடுக்கிறானா, அல்லது ரேங்க் பட்டியலில் அடியில் இருப்பவன் தலையில் கட்டிவிட்டுப் போகிறானா என்று கேட்டால் போதும். டார்ச்வுட்டின் முதல் வருடம் இந்தக் கேள்வியில் ஃபெயில். 2009-ன் அந்த ஐந்து ராத்திரி பாஸ். அடுத்த முறை யாராவது “அது பெரியவங்களுக்கான சீரியல்” என்று பெருமையாக ஆரம்பித்தால், “எந்த அர்த்தத்துல சார்?” என்று கேட்டுவிட்டு மேலே பேசலாம்.